ஒரு நூலில் ஆறில் ஒரு பங்கு

இன்று காலை ஆறேகாலுக்கு, காபிப் பொடியை அழுத்தும் டேம்பர் எஸ்பிரெஸ்ஸோ மிஷினின் பாஸ்கெட்டுக்குள் மாட்டிக்கொண்டது. அழுத்தும்போது சுகமாக இறங்கியது; எடுக்கும்போதுதான் வரமாட்டேன் என்றது. திருகினேன், ஆட்டினேன், கெஞ்சினேன். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். டேம்பரோடு பாஸ்கெட்டும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. 18 கிராம் பொடியில் பாதி என் பனியனுக்கும் மீதி தினசரி காலண்டருக்கும் போனது. இன்றைக்கு ராகுகாலம் எப்போது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எப்போது ஆரம்பித்தது என்று மட்டும் எனக்குத் தெரியும்.

“தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்க. வளையல் மாட்டிக்கிட்டா நான் அப்படித்தான் கழட்டுவேன்” என்றாள் மனைவி. காபியின் மேன்மை தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

எந்த டேம்பர் வாங்கலாம், எந்த பாஸ்கெட் நல்லது என்று என்னிடம் யோசனை கேட்பவர்கள் உண்டு. பதில் ஒரே வரிதான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

மிஷினோடு ஒரு டேம்பர் தருகிறார்கள். பிளாஸ்டிக். ஒரு முனையில் பொடி அள்ளும் கரண்டி, மறுமுனையில் ஒரு வட்டம். பாஸ்கெட்டின் வாய் பேருக்கு 58 மில்லிமீட்டர்; வட்டம் 57கூட இல்லை. கட்டில், பீரோ இரண்டும் சேர்ந்த விலைக்கு மிஷின் விற்பவருக்கு, அதன் வாய்க்குப் பொருந்துகிற ஒரு இரும்புத் துண்டு கொடுக்க மனசு வராதா? என் கல்யாணத்துக்கு வந்த மூன்று பால் குக்கரிலும் விசில் இருந்தது.

சரி என்று 58-இல் ஸ்டீல் டேம்பர் வாங்கினேன். அழுத்திய பிறகு ஓரத்தில் மெல்லிசாக ஒரு பொடி வளையம் நின்றது. தண்ணீருக்கு இளக்கமான இடம் கிடைத்தால் போதும், அந்த வழியாகவே ஓடிவிடும். 25 விநாடியில் இறங்க வேண்டியது 12 விநாடியில் இறங்கி, புளித்தண்ணீர் மாதிரி இருந்தது. ஆகவே 58.5.

58-க்கும் 58.5-க்கும் வித்தியாசம் அரை மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் பிரித்தால் பக்கத்துக்குக் கால். இந்தக் கால் மில்லிமீட்டருக்காகத் தூக்கம் கெட்டவன் எப்படிப்பட்ட வீட்டில் குடியிருக்கிறான் என்பதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஆசாரிக்கு அளவெல்லாம் நூலில்தான். இஞ்சுக்கு எட்டு நூல். ஒரு நூல் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். சமையலறைக் கதவு நிலையில் உட்காரவில்லை என்றேன். “ரெண்டு நூல்தான் சார் இடிக்குது, வெயிலுக்குச் சரியாப் போயிடும்” என்றார். வெயில் வந்தது. கதவு சுருங்கி மூன்று நூல் சந்து விழுந்தது. “மழைக்குச் சரியாப் போயிடும் சார்.” பதினோரு வருஷமாக அந்தக் கதவு வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் சாத்திக்கொள்கிறது. பீரோவின் ஒரு காலுக்கு அடியில் நாலாக மடித்த கல்யாணப் பத்திரிகை. அந்தத் தம்பதியின் பெண் இப்போது பிளஸ் டூ. காம்பவுண்டு சுவர் எங்கள் பக்கம் அரை அடி ஏறி நிற்கிறது. அரை அடி என்றால் 152 மில்லிமீட்டர். போனால் போகிறது என்று விட்டவன் நான். என் தையல்காரர் இடுப்பில் டேப்பே வைப்பதில்லை. முகத்தைப் பார்த்து ஒரு எண் எழுதிக்கொள்கிறார். குக்கர் கேஸ்கெட் கேட்டால் கடைக்காரர் “அஞ்சு லிட்டர்தானே, உட்காரும்” என்று தருகிறார், கொஞ்சம் உட்காருகிறது. ஹெல்மெட் பெரிது, செருப்பு சிறிது, கண்ணாடி மூக்கு நுனியில். இப்படி அடிக்கணக்கிலும் நூல்கணக்கிலும் ஊரையே மன்னித்து வாழ்ந்த ஒருத்தன், ராத்திரி பதினொன்றரைக்கு வெர்னியர் காலிப்பரோடு உட்கார்ந்து, ஒரு நூலில் ஆறில் ஒரு பங்கை அளந்துகொண்டிருந்தான். அந்த வெர்னியரும் இதற்கென்றே வாங்கியது. பாலிடெக்னிக்கில் படித்த மூன்று வருஷமும் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் இரவல் வாங்கியே ஓட்டியவன் நான்.

என்ன பேசிக்கொண்டிருந்தேன்? 58.5. அது வந்த பிறகுதான் தெரிந்தது, மிஷினோடு வந்த பாஸ்கெட் கீழே போகப்போகக் குறுகுகிறது என்று. இன்று காலை நடந்த கூத்துக்குக் காரணம் அதுதான். 58.5-க்குச் செங்குத்துச் சுவர் பாஸ்கெட் வேண்டும். அதில் 15, 18, 20, 22 கிராம் என்று சட்டை சைஸ் மாதிரி வரிசை. நான் ஏற்கெனவே 22 வாங்கி வைத்திருந்தேன், ஆசை. அது ஆழம் அதிகம், பாஸ்கெட்டைத் தாங்கும் இரட்டை மூக்கு போர்ட்டாஃபில்டரின் அடியில் இடிக்கிறது. அதற்காக அடியில்லாத போர்ட்டாஃபில்டர் ஒன்று. அதில் நம் அழுத்தலின் லட்சணம் அப்படியே தெரியும் என்பார்கள். தெரிந்தது. சுவரில், மிக்ஸியில், ஒருமுறை என் இடது கண்ணாடியில்.

அழுத்தலுக்கும் ஒரு வேதவாக்கு உண்டு: 30 பவுண்டு. அதாவது 13.6 கிலோ. எடை பார்க்கும் மிஷினைச் சமையல் மேடையில் தூக்கி வைத்து, அதன்மேல் டேம்பரால் அழுத்தி அழுத்தி ஒரு வாரம் பழகினேன். “அதுல நின்னா எடை காட்டுறது பத்தலையா?” என்றாள் மனைவி. எட்டாம் நாள்தான் கணக்குப் போட்டேன். 58 மில்லிமீட்டர் வட்டத்தின் பரப்பு சுமார் 26 சதுர சென்டிமீட்டர். மிஷின் 9 பார் அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளுகிறது. பெருக்கினால் கிட்டத்தட்ட 240 கிலோ பாரம். யானை மிதிக்கப்போகிற இடத்தை நான் ஒரு வாரமாக உள்ளங்கையால் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கோணாமல் அழுத்தினால் போதுமாம். கோணாமல் அழுத்துவதற்கென்று தனி டேம்பர் இருக்கிறது. ஆமாம், அதுவும் வாங்கினேன். சிரிக்க வேண்டாம், உங்கள் வீட்டு அலமாரியையும் திறந்து பாருங்கள்.

இந்த இடத்தில் “எங்க பாட்டி பித்தளை ஃபில்டர்ல...” என்று ஆரம்பிக்க வாயெடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வேண்டாம். எங்கள் வீட்டிலும் பாட்டி இருந்தாள், பித்தளை ஃபில்டர் இருந்தது, அதற்குள் குடையும் இருந்தது. குடையை அழுத்த வேண்டும் என்பது பாட்டி கட்சி. சும்மா வைத்தால் போதும் என்பது பெரியப்பா கட்சி. நியாயம் பெரியப்பா பக்கம்தான். அங்கே தள்ளிவிட மோட்டார் கிடையாது; டிகாக்‌ஷன் தன் பாரத்தில் தானே இறங்கியாக வேண்டும். வெந்நீர் விழும் வேகத்தில் பொடி கலையாமல் காப்பதுதான் குடையின் வேலை. இறுக்கினால் விடியவிடியச் சொட்டாது. பாட்டி ஜெயித்த நாட்களில், விடிகாலை நாலரைக்குக் கரண்டிக் காம்பால் ஃபில்டரைத் தட்டும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். அதைத்தான் நான் வெகுகாலம் சுப்ரபாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே பாட்டிகளைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். அவர்களுக்கும் அடைத்துக்கொண்டது.

இன்று காலை மாட்டிக்கொண்டதற்கு வருகிறேன். பதினொரு மணி வரை பாஸ்கெட்டைத் தரையில் தட்டிப் பார்த்தேன், ஃப்ரீசரில் வைத்துப் பார்த்தேன், வெந்நீரில் போட்டுப் பார்த்தேன். பிறகு, வீட்டில் யாரும் பார்க்காத நேரமாக, குளியலறைக்கு எடுத்துப் போய்த் தேங்காய் எண்ணெய் விட்டேன். வளையல் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் இன்று சாயங்கால எஸ்பிரெஸ்ஸோவில் அவியல் வாசனை. குடித்துப் பார்த்த மனைவி ஒன்றும் சொல்லவில்லை. “எண்ணெய் பாட்டில் மூடி எங்கே?” என்று மட்டும் கேட்டாள்.

எந்த டேம்பர் வாங்கலாம் என்று சொல்வதாகச் சொன்னேன். சொல்கிறேன். 58.4 ஒன்று வியாழக்கிழமை வருகிறது, வரட்டும்.