ஐம்பதைத் தொட்டால் அந்தஸ்து

சென்னையில் பழைய கார் கண்காட்சிக்குப் போனால் அரசாங்கக் கணக்கு விளங்கும். 15 வயதுக் கார் எஃப்.சி.க்காக ஆர்.டி.ஓ. வாசலில் கைகட்டி நிற்கும். அதுவே எப்படியோ 50ஐத் தாண்டிவிட்டால், 2021 விதிப்படி ‘விண்டேஜ்’. 20,000 ரூபாய் கட்டினால் ‘வி.ஏ.’ எழுத்தோடு தனி நம்பர். அன்றாடம் ஓட்டக் கூடாதாம். ஓடினால்தானே!

கூட்டமெல்லாம் மெட்ராஸ் தயாரிப்பான ஸ்டாண்டர்டு ஹெரால்டைச் சுற்றித்தான். பானட் மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். “ரிப்பேர் பார்க்க என்னா வசதி சார்!” என்று வியந்தார் ஒருவர். சொந்தக்காரர் அந்த வசதியை நிறையவே அனுபவித்திருப்பார் போலும், கைத்துண்டெல்லாம் கிரீஸ்.

அம்பாசடரைக் கட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தவர்கள் ஏராளம். 2014 வரை அது புதிதாகவே விற்றபோது இவர்கள் எல்லாரும் எங்கே போயிருந்தார்களோ!