நின்றிருக்க வேண்டிய எஞ்சின்

பழைய பிக்கப் வண்டி வாங்கப் போகிறவன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று நடுச்சாமத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, இல்லாவிட்டால் டீசல் அதிகம். நீலப்புகை வந்தால் உள்ளே ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப்புகை நிற்கவில்லையென்றால் நாசிலைப் பார்க்க வேண்டும், கேஸ்கெட் போய்த் தண்ணீர் இறங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இவ்வளவும் தெரிந்த நான், தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ் இறக்குவதற்காக, புகையே விடாத வண்டியாகப் பார்த்து கோபியில் வாங்கினேன். இழுக்காத வண்டி புகை விட்டே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

"நீங்க வர்றீங்கன்னு ஸ்டார்ட் பண்ணியே வெச்சிருக்கேனுங்க" என்றார் புரோக்கர். பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த டீசல் எஞ்சினைக் காலையில் முதல் தடவை கிளப்பும்போதுதான் கம்ப்ரஷன் குறைந்திருந்தால் வெளியே தெரியும். அதுவும் எனக்குத் தெரியும். அவருக்கு நன்றி சொன்னேன்.

அப்புறம் டிப்ஸ்டிக்கை உருவி, ஆயில் கறுப்பாக இருக்கிறதே என்று முகம் சுளித்தேன். டீசல் எஞ்சினில் புது ஆயிலே சில நாளில் கறுத்துவிடும். புரோக்கருக்கு அது தெரிந்திருக்கும். மரியாதைக்காக அவரும் கொஞ்சம் வருத்தப்பட்டார். ஆயில் மூடியையும் திறந்து எட்டிப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது திறந்தால்தான் புகை குபுகுபுவென்று தள்ளுகிறதா, ரிங் தேய்ந்திருக்கிறதா என்று தெரியும். நான் அணைத்துவிட்டுத் திறந்தேன். சட்டையில் ஆயில் தெறிக்குமே.

ஓட்டிப் பார்த்தது சமதளமான ரோட்டில், காலி வண்டியை. நாலாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் சத்தம் விர்ரென்று ஏறியது. ஸ்பீடோமீட்டர் முள் அவ்வளவாக அவசரப்படவில்லை. "எஞ்சின் எப்படித் துள்ளுது பாருங்க!" என்று புரோக்கரிடம் நானே சொன்னேன். அவர் சொல்ல வேண்டிய வசனம் அது.

வீட்டுக்கு வந்ததும் மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மூட்டை ஏத்தி மேட்டுல விட்டுப் பாத்தீங்களா மாப்பிள்ளை?" நான் அவருக்கு ரிங், வால்வு பற்றியெல்லாம் விளக்கினேன்.

பண்ணாரிக்கும் திம்பத்துக்கும் நடுவே 27 கொண்டை ஊசி வளைவுகள். 45 கிலோ யூரியா மூட்டைகளை அடுக்கிக்கொண்டு ஏறியபோது எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. ஏதோ கருகும் நாற்றம் வேறு. முன்னால் போகிற லாரியின் பிரேக் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன். மேடு ஏறுகிற லாரிக்காரர் எதற்காக பிரேக் பிடிக்கப் போகிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மலையைக் குற்றம் சொல்வதும் சுலபமாக இருந்தது. ஆயிரம் மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத எஞ்சின் சுமார் பத்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். காற்றின் அடர்த்தி குறைந்துவிடுகிறது. உண்மைதான். அந்த உண்மையை வைத்துக்கொண்டே பல நாள் ஓட்டினேன். "அடிவாரத்து வளைவுலயே திணறுதேப்பா?" என்று ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் கேட்கும் வரைக்கும்.

ஏர் ஃபில்டர் மாற்றினேன். டீசல் ஃபில்டர் மாற்றினேன். நாசில்களைக் கழற்றி சர்வீஸ் செய்தேன். பம்ப்பையும் இறக்கிவிடலாம் என்றபோதுதான் சத்தியமங்கலத்து மெக்கானிக் தம்பி கையமர்த்தினார். "இருங்கண்ணா. ஹேண்ட்பிரேக்கை இழுத்துட்டு, நாலாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவா விடுங்க." விட்டேன். கிளட்ச் சரியாக இருந்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே குலுங்கி நின்றுபோயிருக்க வேண்டும். என்னுடையது எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டே இருந்தது. "எஞ்சின் நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா. அது சுத்தறது சக்கரத்துக்குப் போய்ச் சேரலை." நான் பாராட்டிய துள்ளல் அதுதான். கோபியில் அரை நிமிஷத்தில் பார்த்திருக்கலாம்.

கிளட்ச் பிளேட் மாற்றியதும் வண்டி ஏறியது. ஆனாலும் மிதித்த அளவுக்கு வேகம் இல்லை. தம்பி என்னைப் பெடலை அழுத்தச் சொல்லிவிட்டு, பம்ப்பில் இருக்கும் லீவரைக் குனிந்து பார்த்தார். லீவர் கடைசி வரை போகவில்லை. பெடலுக்கு அடியில், வண்டி வந்த சந்தோஷத்தில் நான் வாங்கிப் போட்ட தடித்த மேட் மடிந்து கிடந்தது. அதை உருவியதற்கு அவர் காசு வாங்கவில்லை. அது இன்னும் அவமானமாக இருந்தது.

போன மாதம் பக்கத்துத் தோட்டத்துக்காரர், அனுபவஸ்தர் என்று வண்டி பார்க்க என்னைக் கூட்டிப்போனார். பானெட் சுட்டது. "நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வர்றோம், அதுவரைக்கும் கிளப்பாதீங்க" என்றேன், கொஞ்சம் மிடுக்காகவே. புரோக்கர் எதுவும் சொல்லவில்லை. அதற்குள் தோட்டத்துக்காரர் ஹாரனை அடித்துப் பார்த்தார். சத்தம் பிடித்துப்போயிற்று, அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

நல்ல வண்டி. திம்பத்தில் இப்போது எனக்கு முன்னால் போகிறது.