கோடு ஒரு பக்கம், அழுத்தம் ஒரு பக்கம்

கேள்வி: 'குட்-லுக்கிங்', 'செகண்ட்-ஹேண்ட்' போல நடுவில் ஹைஃபன் வரும் ஆங்கிலச் சொற்களில் எந்தப் பாதியை அழுத்திச் சொல்ல வேண்டும்?

பதில்: வாக்கியத்தில் அது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. 'தி கார் இஸ் செகண்ட்-ஹேண்ட்' என்று முடித்தால் 'ஹேண்ட்' ஓங்கும். 'செகண்ட்-ஹேண்ட் கார்' என்றால் அழுத்தம் 'செ'வுக்குத் தாவிவிடும். 'கார்' என்பதும் அழுத்தம் கேட்கிற சொல். இரண்டு அழுத்தங்கள் பக்கத்துப் பக்கத்தில் இடித்துக்கொள்வது ஆங்கிலக் காதுக்கு ஆகாது. அதேபோல, பையன் குட்-லுக்கிங் என்றால் 'லுக்', குட்-லுக்கிங் பையன் என்றால் 'குட்'. பையன் அதே பையன்தான்.

கேள்வி: 'மதர்-இன்-லா'?

பதில்: எப்போதும் 'ம'. மாமியாருக்கு முதல் மரியாதை தருவதில் ஆங்கிலமும் நம் கட்சி. ஆனால் பிரிட்டிஷ் உச்சரிப்பில் 'பாஸர்-பை', 'ரன்னர்-அப்' இரண்டுக்கும் அழுத்தம் வாலில்.

கேள்வி: ஹைஃபன் போட்டால் ஓர் உச்சரிப்பு, எடுத்தால் வேறு உச்சரிப்பா?

பதில்: கோடு கண்ணுக்கு, நாக்கு அதைக் கண்டுகொள்வதில்லை. 2007இல் ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி தன் ஆறாம் பதிப்பில் சுமார் 16,000 சொற்களின் ஹைஃபனைப் பிடுங்கியது. 'பம்பிள்-பீ' ஒட்டிக்கொண்டது, 'ஐஸ்-கிரீம்' பிரிந்துபோனது. யாரும் உச்சரிப்பை மாற்றிக்கொள்ளவில்லை. கோடே இல்லாத 'கிரீன்ஹவுஸ்' சொல்லில் 'கிரீன்' ஓங்கினால் செடி வளர்க்கும் கண்ணாடிக்கூடம். 'ஹவுஸ்' ஓங்கினால் பச்சை பெயின்ட் அடித்த வீடு. அமெரிக்க அதிபரின் மாளிகையைச் சொல்லும்போது 'வைட்'டை அழுத்துங்கள். 'ஹவுஸ்'ஸை அழுத்தினால் அவர் ஏதோ ஒரு வெள்ளை வீட்டில் குடியிருப்பதாகிவிடும்.

கேள்வி: 'புளூ-ஐட்' மூன்று அசையா?

பதில்: இரண்டுதான். எழுத்தை விட்டுவிட்டு உயிரொலியை எண்ணுங்கள். கடைசியில் வரும் 'எட்', அதற்கு முன் 'டீ' அல்லது 'டி' எழுத்தின் ஒலி இருந்தால் தனி அசையாகும். ஆகவே 'டூ-ஃபேஸ்ட்' இரண்டு, 'டூ-ஹெடட்' மூன்று. 'ஒன்-லெக்ட்' மட்டும் அடங்காப்பிடாரி. அதை 'லெகிட்' என்று நீட்டி மூன்றாக்குவோர் உண்டு.

கேள்வி: வரிக் கடைசியில் இடமில்லை. இவற்றை எங்கே உடைப்பது?

பதில்: ஏற்கெனவே இருக்கும் கோட்டில். இன்னொரு கோடு போட்டால் படிப்பவர் திணறுவார்.

கேள்வி: இத்தனையையும் யார் நினைவில் வைப்பது?

பதில்: நினைவில் வைக்க வேண்டாம். தமிழில் அழுத்தம் இடம் மாறினால் பொருள் மாறாது. அந்தப் பழக்கத்தில்தான் ஆங்கிலத்தையும் சமதளமாகப் பேசுகிறோம். சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் உச்சரிப்புக் குறிப்பில், மேலே நிற்கும் குட்டிச் செங்குத்துக் கோட்டைத் தேடுங்கள். அதற்கு அடுத்த அசையை ஓங்கிச் சொல்லுங்கள்.