பி.ஆர்.சி. சாமான்

2020 கோடையில் இந்தியாவில் மிக மலிவாகச் செய்யக்கூடிய தேசபக்திக் காரியம், கைப்பேசியிலிருந்து ஒரு செயலியை அழிப்பதுதான். காசு செலவில்லை, ஊரடங்கில் வீட்டை விட்டு இறங்கவும் வேண்டாம். அந்தச் சிரமமும் மக்களுக்கு வேண்டாம் என்று ஜெய்ப்பூர்க்காரர்கள் 'ரிமூவ் சைனா ஆப்ஸ்' என்று ஒரு செயலியையே செய்து விட்டார்கள். திறந்தால் எவையெவை சீனச் செயலிகள் என்று பட்டியல் போடும். தொட்டால் அழிக்கும். எல்லாம் ஒழிந்த பின் ஒரு பாராட்டும் சொல்லும். சுமார் 50 லட்சம் பேர் அதை இறக்கிக்கொண்டார்கள். ஜூன் தொடக்கத்தில் கூகுள் அதைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. அந்தச் செயலியின் கண்ணுக்குத் தப்பியது ஒன்றுதான்: அது குடியிருந்த கைப்பேசி. அந்த ஆண்டு இங்கே விற்ற ஸ்மார்ட்போன்களில் முக்கால்வாசி சீன நிறுவனங்களுடையவை.

ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையுடன் நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்த பிறகு விஷயம் விளையாட்டாக இல்லை. அவர்களில் ஹவில்தார் பழனி ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். கோவில்பட்டியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அந்தச் செய்தியைப் படித்து முடித்து, பேப்பரை மடித்து வைத்து, இனிமேல் இந்த வீட்டுக்குள் சீனச் சாமான் எதுவும் வரக் கூடாது என்று அறிவித்தார். பெயர் எதற்கு, ஊருக்கே அவர் ஹெட்மாஸ்டர் சார். சூரத்தில் டிவியை மாடியிலிருந்து கீழே போட்டு மிதித்தார்களே, அந்த ரகமில்லை அவர். அசன்சோலில் சீனத் தலைவர் என்று நினைத்து வடகொரியாவின் கிம் ஜோங் உன்னைக் கொளுத்தக் கிளம்பிய ரகமும் இல்லை. காசு கொடுத்து வாங்கியதை உடைத்தால் நஷ்டம் யாருக்கு என்று கணக்குப் போடத் தெரிந்தவர். இருப்பது இருக்கட்டும், புதிதாக வாங்குவதில்லை. அவ்வளவுதான் தீர்மானம்.

"சரிங்க" என்றார் அவர் மனைவி. "கொசு பேட்டு நேத்து ராத்திரியே உசுர விட்டுருச்சு. அதுக்கு என்ன பண்ண?"

மெயின் ரோட்டு எலக்ட்ரிகல் கடைக்காரர் சாரிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். சாரைக் கண்டால் எழுந்து நிற்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு நாலைந்து பேட்டுகளைக் கண்ணாடி மேஜைமேல் பரப்பினார்.

"தம்பி, இதுல சைனா இல்லாதது எது?"

"எல்லாம் டெல்லி மால் சார்."

"டெல்லியிலயா செய்றான்?"

"டெல்லியிலருந்து வருது சார்."

இதைவிட நேர்மையான பதிலை எந்த வியாபாரியும் சொல்லிவிட முடியாது. டெல்லி சதர் பஜாரில் மொத்தமாக எடுத்து லாரியில் ஏற்றினால் அது டெல்லி மால். அதற்கு முன் அது கப்பலில் வந்ததா, பக்கத்துச் சந்தில் ஒட்டியதா என்று வாங்குகிறவர் கேட்பதில்லை, விற்கிறவர் சொல்வதில்லை. சார் கேட்கிற ஜாதி. ஒவ்வொரு பேட்டாகப் புரட்டினார். ஒன்றில் ஒன்றுமே இல்லை. இன்னொன்றில் கைப்பிடியின் அடியில், கடுகளவு எழுத்தில், மேட் இன் பி.ஆர்.சி. என்று இருந்தது. சார் முகம் மலர்ந்துவிட்டது. தென்மாவட்டத்தில் அந்த வயதுக்காரர்களுக்கு பி.ஆர்.சி. என்றால் மதுரைப் பக்கம் ஓடிய பாண்டியன் ரோட்வேஸ் கார்ப்பரேஷன்தான். 1997இல் அரசு பஸ்களின் பெயர் மாறும்வரை அதில் தொங்கிக்கொண்டுதான் பாதிப்பேர் கல்லூரிக்குப் போனார்கள். பஸ் கம்பெனி கொசு பேட் ஏன் செய்கிறது என்ற சந்தேகம் வருவதற்குள் பர்ஸை எடுத்துவிட்டார்.

கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "சார்... அது பீப்பிள்ஸ் ரிபப்ளிக் ஆஃப் சைனா சார்."

பர்ஸ் உள்ளே போனது. அன்றிரவு அந்த வீட்டில் கொசுவைக் கையால் அடித்தார்கள்.

பி.ஆர்.சி. என்று போடுவதில் சட்டப்படி தப்பில்லை. சைனா என்ற பெயரைக் கண்டால் முகம் சுளிக்கிற வாடிக்கையாளர் உலகம் முழுக்க உண்டு என்பது அங்கே பெட்டி கட்டுகிறவருக்கும் தெரியும். அடுத்த சில நாளில் சாருக்கு வாட்ஸப்பில் ஒரு பேராயுதம் வந்து சேர்ந்தது: பார்கோடு 690 முதல் 699 வரை தொடங்கினால் சீனா, 890 என்றால் இந்தியா. அதைத் துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அந்த மூன்று இலக்கம் பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைச் சொல்வதே இல்லை; அந்த எண்ணைக் கம்பெனி எந்த நாட்டு அமைப்பில் பதிந்து வாங்கியது என்பதைத்தான் சொல்கிறது. சென்னையில் ஒரு கம்பெனி 890 வாங்கி வைத்துக்கொண்டு, ஷென்ஜெனில் டார்ச் லைட் செய்து கொண்டுவந்து, அதன்மேல் அச்சடித்துக்கொள்ளலாம். சார் வாங்கிவந்த டார்ச் அப்படிப்பட்டதுதான். பெட்டியின் அடியில் இறக்குமதியாளர் முகவரி இருந்தது. பேரன் படித்துக் காட்டினான். டார்ச் நன்றாக எரிந்தது, அதுதான் சாருக்குக் கூடுதல் எரிச்சல்.

பெரிய சாமான்களில் இந்த ஏமாற்று இன்னும் கௌரவமானது. எம்.ஜி. கார் என்றால் பழைய ஆங்கிலேயப் பெயர், கம்பெனி ஷாங்காய் முதலாளியுடையது. ஸ்வீடனின் வோல்வோ கார் 2010 முதல் சீனாவின் ஜீலி கையில். மோட்டோரோலா போன் லெனோவோவிடம். சார் இதில் எதையும் வாங்கப் போவதில்லை என்பதால் இந்தப் புறக்கணிப்பு முழு வெற்றி.

லடாக்கின் கல்வியாளர் சோனம் வாங்சுக் அப்போது ஒரு காணொளியில் கால அட்டவணையே கொடுத்திருந்தார்: சீன மென்பொருளை ஒரு வாரத்தில் விடுங்கள், வன்பொருளை ஒரு வருடத்தில். வாத்தியாருக்கு டைம்டேபிள் பிடிக்கும். ஆனால் முதல் பாடத்திலேயே இடித்தது. பென்ஷன் காகிதங்களைப் படமெடுத்து அனுப்ப அவர் நம்பியிருந்தது கேம்ஸ்கேனர். ஜூன் 29 அன்று டிக்டாக்கோடு சேர்த்து அரசு தடைசெய்த 59 செயலிகளில் அதுவும் ஒன்று. பக்கத்து வீட்டுப் பையன்கள் டிக்டாக் போனதற்கு அழுததைப் பார்த்து அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

ஊரும் உலகமும் அப்போது செய்ததைப் பார்த்தால் சார் எவ்வளவோ தேவலாம். கல்வானுக்குப் பிறகு அதே வாரத்தில் ஒன்பிளஸ் 8 புரோ இந்திய இணையச் சந்தையில் சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தது. ஷாவ்மி தன் கடைப் பலகைகளை 'மேட் இன் இந்தியா' என்ற துணியால் மூடிவைத்தது. ஐ.பி.எல். போட்டியின் முதன்மை விளம்பரதாரராக இருந்த சீனாவின் விவோ அந்த வருடம் விலகி, அந்த இடத்துக்கு 222 கோடி ரூபாய்க்கு ட்ரீம்11 வந்தது. ரசிகர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கம்பெனியில் சீனாவின் டென்சென்ட் பணம் போட்டிருக்கிறது என்ற செய்தியும் வந்தது. மத்திய அமைச்சர் ராம்தாஸ் அதாவலே ஒரு படி மேலே போய், சீன உணவு விற்கும் உணவகங்களையே புறக்கணிக்கச் சொன்னார். இதுதான் அநியாயம். கோபி மஞ்சூரியனுக்கும் மஞ்சூரியாவுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975இல் மும்பையில் இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயை வதக்கி, சோயா சாஸும் சோளமாவும் சேர்த்துச் செய்த சிக்கன் மஞ்சூரியனின் சைவத் தங்கைதான் அது. கோவில்பட்டித் தள்ளுவண்டியில் சிவப்பாகப் பொரித்துக் கொட்டுகிறவர் சங்கரன்கோவில்காரர். அவரைப் புறக்கணித்து சீனாவுக்கு என்ன பாடம் புகட்டுவது?

மருந்துக் கடையில் சார் தோற்றார் என்று சொல்வதைவிட, ஆட்டத்திலேயே இறங்கவில்லை என்பது சரி. மாத்திரை அட்டையில் தயாரிப்பு இமாசலப் பிரதேசம் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் மருந்துச் சரக்கு எங்கிருந்து வந்தது என்று அட்டை சொல்லாது. இந்தியா இறக்குமதி செய்யும் மருந்து மூலப்பொருள்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சீனாவுடையது. அதைக் குறைக்கத்தான் 2020இல் அரசு 6,940 கோடி ரூபாய்க்கு ஒரு ஊக்கத் திட்டம் அறிவித்தது. "பிரஷர் மாத்திரையையும் நிறுத்தப் போறீங்களா?" என்று மனைவி கேட்டார். சார் வாய்க்குள் மாத்திரை இருந்ததால் பதில் வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. தீப்பெட்டி. அது அவர் ஊர் கௌரவம். ஒருகாலத்தில் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த பெட்டியை உரசிக்கொண்டிருந்த நாட்டில், 1922இல் சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்தார்கள். அந்தத் தொழில் இந்தக் கரிசல் பூமி முழுக்கப் பரவியது. மழை பொய்த்தாலும் தீப்பெட்டி சோறு போடும். அப்படிப்பட்ட கோவில்பட்டியில், பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பெட்டிக்கடையில், பீடி பற்றவைக்க முன்னெல்லாம் புகையும் கயிறு தொங்கிய அதே ஆணியில் பச்சை நிற பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. சார் கொதித்துப் போனார்.

"அண்ணாச்சி, உங்க வீட்டம்மாவே தீப்பெட்டி ஆபீசுக்குத்தான போறாங்க? இது நியாயமா?"

அண்ணாச்சி அசரவில்லை. "தீப்பெட்டிய வச்சா பத்தவச்சுட்டு பையில போட்டுட்டுப் போயிருதான் சார். லைட்டர்னா நூல்ல கட்டிப் போடலாம்லா."

இந்த ஒரு வரிக்குப் பொருளாதாரப் புத்தகத்தில் பதில் கிடையாது. 2021 டிசம்பரில், 14 ஆண்டுக்குப் பிறகு, தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. பத்து ரூபாய் லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியின் வேலையைச் செய்கிறது என்று முதலமைச்சர் 2022இல் ஒன்றிய அரசுக்குக் கடிதமே எழுதினார். பத்துக்கு எதிரே நாற்பது. சார் வீட்டிலோ ஐப்பசி அடைமழையில் பெட்டி நமுத்து, ஒரு குச்சிக்கு மூன்று குச்சி உரசி, மருந்து உதிர்ந்து, விளக்கேற்றுவதற்குள் மனைவி முணுமுணுக்கும் வார்த்தைகளில் பாதி சாமிக்கானவை அல்ல. தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள்.

கடைசியில் லைட்டரை நிறுத்தியது எந்த வாடிக்கையாளரின் வைராக்கியமும் அல்ல. 2023 ஜூனில், இருபது ரூபாய்க்குக் குறைந்த இறக்குமதி மதிப்புள்ள லைட்டர் நாட்டுக்குள் வரக் கூடாது என்று ஒரே ஓர் அறிவிக்கை. சார் ஊருக்கே மிட்டாய் வாங்கிக் கொடுத்தார் (புவிசார் குறியீடு பெற்ற உள்ளூர்க் கடலை மிட்டாய், சந்தேகம் வேண்டாம்). லைட்டர் அதோடு தொலைந்ததா என்றால், தனித்தனிப் பாகமாக வந்திறங்கி இங்கே பூட்டப்பட்டு, சுத்தமான இந்தியக் குடிமகனாக அதே ஆணியில் தொங்கியது. 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை போட வேண்டியதாயிற்று.

இதையெல்லாம் எலக்ட்ரிகல் கடையில் உட்கார்ந்து சார் புலம்பியபோது, பழைய மாணவர் எழுந்து நின்றார். "சார், நீங்க நடத்துன பாடந்தான சார். வ.உ.சி. கப்பல் விட்டாரு. வெள்ளைக்காரன் டிக்கெட்ட கொறச்சான். அப்புறம் டிக்கெட்டே வேண்டாம்னான். அதுக்கும் மேல ஆளுக்கொரு குடை ஓசின்னான்."

சாருக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. வ.உ.சி.யின் ஊரான ஒட்டப்பிடாரம் கூப்பிடு தூரம். 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடிய காலியா, லாவோ, எதிரில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, அந்தக் குடைக் கதை என்று வருடா வருடம் தொண்டைத் தண்ணீர் வற்ற நடத்திய பாடம். அந்த சுதேசிக் கப்பல்களே வெளிநாட்டில் வாங்கியவை என்பதை மட்டும் பாடத்தில் வேகமாகக் கடந்துவிடுவார்.

"அப்போ என்னடா சொல்ல வர்ற?"

"ஒண்ணும் சொல்லல சார். குடை வேணுமான்னு கேட்டேன். புது மால் வந்திருக்கு."

குடையில் ஊர் பேர் எதுவும் இல்லை.

நாட்டின் கணக்கும் சார் வீட்டுக் கணக்கைப் போலத்தான் இருக்கிறது. 2019-20இல் இந்தியா சீனாவிடம் வாங்கியது ஏறக்குறைய 6,500 கோடி டாலருக்கு. டிவி உடைபட்ட 2020-21இலும் ஏறக்குறைய அதே 6,500 கோடி. கொரோனாவால் மற்ற நாடுகளிடம் வாங்கியது சரிந்ததால், சீனாவின் பங்கு உண்மையில் கூடியது. 2024-25இல் அது 11,300 கோடி டாலரைத் தாண்டியது. இதில் கொசு பேட்டும் சீரியல் லைட்டும் கொசுறு. பெரும்பங்கு யார் வீட்டு அலமாரியிலும் வைக்க முடியாத இயந்திரம், மின்னணு உதிரிபாகம், ரசாயனம். ஶ்ரீபெரும்புதூரில் பூட்டும் போன் இந்தியப் போன்தான், அதன் உள்ளுறுப்புகளில் பலவற்றைக் கேட்டால் வேறு ஊர்க் கதை சொல்லும்.

2025 ஏப்ரலில் காற்று திசை மாறியது. சில அரிய மண் தனிமங்களையும் அவற்றால் செய்த காந்தங்களையும் உரிமம் இல்லாமல் வெளியே அனுப்புவதில்லை என்று சீனாவே சொல்லிவிட்டது. மின்சார வண்டியின் மோட்டாருக்கு அந்தக் காந்தம் வேண்டும். இந்திய வாகன நிறுவனங்கள் டெல்லிக்கும் பெய்ஜிங்குக்கும் விண்ணப்பம் போட்டன. மதுரையில் சாரின் மாப்பிள்ளை பதிவு செய்திருந்த ஸ்கூட்டர் தள்ளிப்போனது. காந்தம் வராததால் வண்டி வராது என்று ஷோரூமில் சொல்கிறார்கள் மாமா, என்று அவர் போனில் சொல்ல, சார் நியோடிமியம் என்றால் என்ன, அதைப் பிரித்தெடுப்பது ஏன் கஷ்டம், உலகத்தில் யார் கையில் அந்த ஆலைகள் இருக்கின்றன என்று முழு பீரியடும் எடுத்தார்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி பொறுமையாகக் கேட்டு முடித்தார். "நீங்க வாங்க மாட்டேன்னு சொல்லி அஞ்சு வருசமாச்சு. அவன் தர மாட்டேன்னு ஒத்தை நாள்ல சொல்லிப்புட்டான். பேசாம மாப்பிள்ளைய பெட்ரோல் வண்டியே எடுக்கச் சொல்லுங்க."

"பெட்ரோல் மட்டும் நம்ம கெணத்துலயா ஊறுது?" என்று சார் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"அதை அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். இப்ப தண்ணி மோட்டார போட்டுட்டு வாங்க" என்றார் அந்த அம்மாள்.