காட்டப்போதல்: நிலாவரையை முன்வைத்து ஒரு விசாரணை

யாழ்ப்பாணத்தில் ஒருவரும் ஓரிடத்தைப் பார்க்கப் போவதில்லை, காட்டப் போகிறார்கள். காண்பது தன்வினை, காட்டுவது பிறவினை என்பதோடு இலக்கணம் நின்றுவிடுகிறது. வானுக்கு யார் காசு கொடுப்பது என்பதை அது சொல்வதில்லை. 'இலக்கணச் சுருக்கம்' எழுதிய நாவலர் பிறந்த மண்ணில் இப்படியொரு குறை இருக்கலாகாது என்பதே இவ்வாய்வின் தோற்றுவாய்.

புத்தூருக்குப் பக்கத்தில் நவக்கிரியில் இருக்கிறது நிலாவரை. அதற்கு ஐந்து மைலுக்குள் ஐம்பது வருடம் வாழ்ந்த இவ்வாய்வாளன் அந்தக் கிணற்றடிக்குப் போனது ஏழு தரம். ஏழு தரமும் வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரரோடுதான். தனியாகப் போனால் என்ன நடக்கும் என்பதற்குத் தரவு இல்லை; போனவர் எவரையும் எனக்குத் தெரியாது.

பெயரிலும் வழக்குண்டு. நிலத்துக்குள் இருக்கும் அறை என்பதால் நிலவறை என்பர் ஒரு சாரார். நிலாவை விட மனமில்லாதவர் இன்னொரு சாரார். இதை வானுக்குள் எழுப்பினேன். "முதல்ல கண்ணாடியை மூடும், ஏசி போகுது" என்றார் பெரியப்பா.

பொருளுக்கு வருவோம். வற்றாத ஆறில்லாத இந்தக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் கிடக்கிறது. மாரிக்குப் பெய்யும் மழை கல்லைக் கரைத்துக் கரைத்து உள்ளே குகையாக்கும். கூரை இடிந்து விழுந்தால் நிலாவரை. நன்னீர் உப்புநீரைவிடப் பாரம் குறைந்தது. ஆகையால் அது கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே நாற்பதடி மட்டில் நிற்கும் என்பது கணக்கு. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும். இது எங்கள் தோட்டக்காரருக்குப் புத்தகம் பாராமலே தெரியும். 1859இல் வெளிவந்த தமது இலங்கை நூலில் எமர்சன் ரெனென்ற் புத்தூர்க் கிணற்றையும் விடவில்லை. அவரையும் யாரோ காட்டத்தான் கூட்டிப்போயிருப்பார்கள்.

ஆனால் அங்கே காணக்கூடியது என்ன? சதுரமாய்ப் பச்சைத் தண்ணீர். அவ்வளவுதான். ஆழத்தைப் பார்க்க வந்தவர் எல்லாரும் பார்ப்பது தண்ணீரின் மேற்பரப்பை. நல்லூரில் தேர் தெரியும், கோட்டையில் மதில் தெரியும், நெடுந்தீவில் குதிரை தெரியும். நிலாவரையில் தெரியாததுதான் காட்சி. எனவே காட்டுகிறவருக்கு இங்கே வேலை அதிகம். வானரப்படையின் தாகம் தீர்க்க இராமர் அம்பால் குத்திய கிணறு என்று தொடங்கவேண்டும். அடி இல்லை என்று குரலைத் தாழ்த்தவேண்டும். "கனக்க எட்டிப் பாராதையுங்கோ" என்று வெருட்டவும் வேண்டும். இதில் பெரியப்பா கரைகண்டவர்.

கடைசித்தரம் ஸ்காபரோவிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. பத்து வயது மருமகன் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் தண்ணீரைப் பார்த்தான்.

"மாமா, ஒண்டும் தெரியேல்லையே?"

"அதுதான்ரா விசயம்" என்றேன். அவனுக்குப் போதவில்லை. உடனே பெரியப்பா தம் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்: இதற்குள் தேசிக்காய் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும்.

கனடாவில் படிக்கிற பிள்ளை, நிரூபணம் கேட்டான். வானின் முன்சில்லுக்கு வைக்க சாரதி வாங்கியிருந்த தேசிக்காய்களில் ஒன்று கிடைத்தது. பேனையால் அதில் தன் பெயரின் முதலெழுத்தைப் பெரிதாகக் கீறி உள்ளே போட்டான். புளுக் என்றது. மிதந்தது. நாங்கள் வானில் ஏறும்வரை அது மிதந்துகொண்டே நின்றதை ஆய்வு நேர்மை கருதிப் பதிவுசெய்கிறேன்.

கீரிமலையில் கடல் ஒருபக்கம் உப்பாய் அடிக்க, ஒரு மதில் தள்ளி நன்னீர்க் கேணி. தம் கீரிமுகம் மாற நகுலமுனிவர் நீராடிய தீர்த்தம். அந்தியேட்டிக்கு வந்தவர்கள் தலையில் தேசிக்காய் தேய்த்து முழுகிக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் கேணியில் மிதந்தவை மூன்று.

போட்டது ஒன்று, வந்தது மூன்று. இதைவிடச் சான்று வேண்டுமா என்பதுபோல் பெரியப்பா என்னைப் பார்த்தார். மருமகன் படியில் குந்தியிருந்து ஒவ்வொன்றாக எடுத்து உருட்டிப் பார்த்தான்.

"ஒண்டிலயும் என்ர எழுத்து இல்லை."

பெரியப்பா சேட்டைக் கழற்றி மடித்து என் கையில் தந்துவிட்டு, தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டே சொன்னார்:

"இவ்வளவு தூரம் தண்ணிக்குள்ளால வாறதுக்கு மை நிக்குமே, தம்பி?"