கலெக்டர் வந்திருக்கார், காசை ஒளிச்சு வை

நம்மூரில் கலெக்டர்கள் இரண்டு வகை. ஒருவர் காரில் வருவார், டவாலி ஓடிப்போய்க் கதவைத் திறப்பார். இன்னொருவர் பொன்னேரி பஸ்ஸில் நின்றுகொண்டே வருவார், சட்டைப்பையில் பூதக்கண்ணாடி இருக்கும், வீட்டில் ஆபீஸுக்குப் போவதாகச் சொல்லியிருப்பார். என் நண்பர் இரண்டாவது வகை.

பழைய பட்டாளத்துப் பதக்கம், சிப்பாய் பேட்ஜ், யுத்த காலத்து நோட்டு, செத்துப்போன கம்பெனிகளின் செப்புக்காசு எல்லாம் சேர்ப்பார். வெள்ளைக்காரன் 1878-ல் போட்ட புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் உடனே கலெக்டரிடம் சொல்லியாக வேண்டும். நண்பர் இந்தச் சட்டத்தை மிகவும் மதிப்பவர். தன்னிடம் சொன்னாலே போதும் என்று நினைக்கிறார்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை என்னைப் பழவேற்காட்டுக்கு இழுத்துப் போனார். "டச்சுக்காரன் கோட்டைய்யா! பீரங்கிக்குண்டு காலில் இடறும்!" என்றார். காலில் இடறியது ஒரு ஆடு.

கோட்டையின் பெயர் கெல்ட்ரியா. 1610-ல் விஜயநகரத்து வேங்கடபதி ராயரிடம் அனுமதி வாங்கி டச்சுக்காரர்கள் இங்கே கடை போட்டார்கள். பக்கத்து சாந்தோமில் ஏற்கனவே கடை போட்டிருந்த போர்ச்சுகீசியர்களுக்கு வயிறு எரிந்தது. 1612-ல் வந்து அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள். 1613-ல் வெம்மர் வான் பெர்ஷம் என்பவர் கோட்டையாகவே கட்டி, தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரை வைத்தார். மதுரைக்காரர் மெட்ராஸில் டீக்கடை திறந்து 'மதுரை டீ ஸ்டால்' என்று போர்டு மாட்டுவதில்லையா, அதே ஊர்ப்பாசம்தான். என்ன, இவருடைய கடையில் வெடிமருந்தும் தயாரானது.

நிஜமாகத்தான். இந்த ஊர் வெடிமருந்து ஆலையிலிருந்துதான் ஜாவாவின் பத்தேவியாவரை சரக்கு போனது. 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர்களின் ஹெட் ஆபீஸே இதுதான். துணி போனது, மருந்து போனது, இங்கிருந்து மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். அந்த வியாபாரத்துக்கு மட்டும் நினைவுப் பதக்கம் எதுவும் அடிக்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. நண்பரின் ஆல்பத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

இப்போது அங்கே இருப்பது ஒரு மேடு, சுற்றி அகழி, மேலே சீமைக்கருவேலம். கோட்டை எங்கே என்கிறீர்களா? அது ஒரு தனிக் காமெடி. 1781-ல் ஆங்கிலேயர் பிடுங்கினார்கள். சமாதானமாகித் திருப்பிக் கொடுத்தார்கள். 1795-ல் மறுபடியும் பிடுங்கி, கையில் இருக்கும்போதே கோட்டையை இடித்துத் தள்ளிவிட்டு, 1818-ல் 'இந்தாங்க உங்க கோட்டை' என்று முறைப்படி ஒப்படைத்தார்கள். வாடகை வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டுச் சாவியை மட்டும் கவரில் போட்டுக் கொடுப்பது மாதிரி. டச்சுக்காரர்கள் ஏழு வருஷம் அந்த மேட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு, 1825-ல் 'நீயே வெச்சுக்கோப்பா' என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். அட்வான்ஸ் திரும்பி வந்ததா என்று கேட்காதீர்கள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் இது இன்னும் நிற்கிறது. வாசலிலேயே கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் வரவேற்கின்றன. கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்க நிற்பார்களே, அந்த போஸில். உள்ளே போனால் ஒவ்வொரு கல்லிலும் குடும்பச் சின்னம்: கேடயம், இறகு, இரும்புத் தலைக்கவசம். ஐயா, நீங்கள் வந்தது லுங்கித்துணி வாங்க! பங்குனி வெயிலில் பழவேற்காட்டில் இரும்புத் தலைக்கவசம் போட்டிருந்தால் கல்லறைக்கு இன்னும் சீக்கிரமே வந்திருப்பீர்கள்.

ஆனால் திட்ட மனசு வரவில்லை. பக்கத்துப் புதைகுழிக்காரன் கல்லில் இறகு வைத்தால் என் கல்லில் இரண்டு இறகு என்ற அந்த ஆசையை நாம் அறியாதவர்களா? பத்திரிகையில் எத்தனை பேருடைய டிகிரி வருகிறது என்பதை வைத்துத்தானே சம்பந்தமே பேசுகிறோம்.

இடறிவிழக் குண்டு ஒன்றும் கிடைக்காததால் நண்பர் ஏரிக்கரையில் துண்டை விரித்து, பையிலிருந்து ஆல்பத்தை எடுத்தார். முதல் பக்கத்தில் ஒரு செப்புக்காசு. பெரிய V, அதன் ஒரு காலில் O, மறு காலில் C. டச்சுக் கிழக்கிந்திய கம்பெனியின் லோகோ. வருஷம் 1790. "இது பழவேற்காட்டில் புழங்கின காசு" என்றார், தாயத்தைத் தொடுவது மாதிரித் தொட்டுக்கொண்டு.

எனக்கு வாய் சும்மா இருக்காது. அந்தக் கம்பெனி 1799 கடைசி நாளோடு மூட்டை கட்டிவிட்டது. ஆனாலும் 1790 என்று வருஷம் போட்ட அதன் காசை ஜாவாவில் 1840-கள் வரைக்கும் அடித்துத் தள்ளியிருக்கிறார்கள். செத்துப்போனவர் பேரில் ரேஷன் வாங்குவது நம் கண்டுபிடிப்பு இல்லை. இதைவிட ஜோர், இதே காசுகளை அமெரிக்காவில் 'நியூயார்க் பென்னி' என்று பேர் வைத்து விற்றிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் நியூயார்க் டச்சுக்காரர்கள் கையில் இருந்ததாம், அப்போது புழங்கிய காசாம். டச்சுக்காரர்கள் நியூயார்க்கை விட்டது 1664-ல். இந்த மாதிரிக் காசு அடிக்க ஆரம்பித்ததே 1720-களில். வாங்கினவர் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. நண்பரும் போடவில்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

அடுத்தது ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம். ஒரிஜினல் அல்ல, போட்டோதான். ஒரிஜினல் வாங்க வீட்டை விற்க வேண்டும், வீடு மனைவி பேரில் இருக்கிறது. 1799 மே 4-ந்தேதி திப்புவை வீழ்த்தியதற்காகக் கம்பெனி கொடுத்த பதக்கம். ஒரு பக்கம் பிரிட்டிஷ் சிங்கம் திப்புவின் புலியை அமுக்கிக்கொண்டிருக்கும். அமுக்கிய வேகம் பதக்கம் கொடுப்பதில் இல்லை. ஒன்பது வருஷம் கழித்து, 1808-ல்தான் கைக்கு வந்தது.

வந்ததாவது ஒழுங்காக வந்ததா? பெரிய தளபதிகளுக்குத் தங்கம். அடுத்த படிக்குத் தங்கமுலாம் பூசிய வெள்ளி. அதற்கும் கீழே வெறும் வெள்ளி. அதற்கும் கீழே வெண்கலம். வெயிலில் நடந்து, ஏணி பிடித்துக் கோட்டைச் சுவர் ஏறிய சிப்பாய்க்கு? வெள்ளீயம்! பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறார்களே அந்த ஈயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு. அடுப்பில் காலியாக வைத்தால் உருகி வழிந்துவிடும் வீரப்பதக்கம். சிப்பாய் அதை வீட்டுக்குக் கொண்டுபோனபோது அவன் அம்மா அதை எந்தப் பாத்திரத்தோடு சேர்த்து வைத்திருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் உலகப் போரில் ஆங்கிலேயர் கொஞ்சம் முன்னேறியிருந்தார்கள். சிப்பாய்க்கும் வெள்ளிப் பதக்கம்தான், விளிம்பில் அவன் நம்பரும் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். மூட்டை தூக்கிய, பாதை வெட்டிய கூலிப்படை ஆட்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். பந்தி ஒன்றுதான், இலை வேறு. இதில் வேடிக்கை, அந்த வெண்கலம் அடித்ததே கொஞ்சம் என்பதால் இன்று வெள்ளியைவிட அதற்குத்தான் கிராக்கி. நண்பர் நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்: "கூலிக்காரன் பதக்கம் கிடைச்சா நான் ராஜா."

அப்புறம் எம்டன் பக்கம். அதைத் திறக்கும்போது நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

1914 செப்டம்பர் 22, ராத்திரி ஒன்பதரை மணி. ஜெர்மன் கப்பல் எம்டன் மெட்ராஸுக்கு எதிரே வந்து நின்று, சுமார் பத்து நிமிஷம் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்திவிட்டுக் கம்பி நீட்டியது. பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. ஹைகோர்ட் மதில் பக்கம் ஒரு கல்வெட்டு, கோட்டை மியூசியத்தில் ஒரு குண்டுச் சிதறல், தமிழுக்கு ஒரு புதிய வார்த்தை. பத்து நிமிஷத்துக்கு இது பெரிய லாபம். கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று நம்மில் பாதிப் பேர் சத்தியம் செய்வோம். அந்த மாதம் அவர் சூரிச்சில் இந்திய விடுதலைக்குக் கமிட்டி அமைத்துக்கொண்டிருந்தார். அதுவும் வீரம்தான், ஆனால் அதில் டமால் சத்தம் கிடையாதே.

எம்டனில் பிழைத்தவர்கள் தங்கள் பெயருக்குப் பின்னால் 'எம்டன்' என்று பரம்பரையாகப் போட்டுக்கொள்ள ஜெர்மனியில் அனுமதி கொடுத்தார்கள். நாம் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கண்டிப்பான அப்பா, கணக்கு வாத்தியார், மாமியார் எல்லோருக்கும் சும்மா கொடுத்துவிட்டோம். 2006-ல் 'எம்டன் மகன்' படத்துக்குக்கூடத் தமிழ்ப் பெயருக்கான வரிவிலக்கு வேண்டி 'எம் மகன்' என்று மாற்ற வேண்டியிருந்தது. தொண்ணூறு வருஷம் நம்ம வீட்டில் சாப்பிட்டவனை அன்னியன் என்று சொன்ன ஒரே இடம் வரி ஆபீஸ்தான்.

சரி, நினைவுச்சின்னம்? 1914 நவம்பர் 9-ல் ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி, கோகோஸ் தீவருகே எம்டனை முடித்தது. உடைந்த கப்பலில் ஏராளமாக மெக்சிகோ வெள்ளி டாலர் கிடந்தது. ஜெர்மன் கப்பலில் மெக்சிகோ காசு ஏன்? எம்டனின் தாய்வீடு சீனத்துச் சிங்தாவ். அந்தக் கரையில் அரிசி வாங்கவும் ஆள் பிடிக்கவும் செல்லுபடியான காசு மெக்சிகோ டாலர்தான். ஆஸ்திரேலியர்கள் அதில் ஓராயிரத்தை எடுத்து, தலையில் கிரீடம் வைத்து, இரண்டு கப்பல் பெயரும் பொறித்துப் பதக்கமாக்கி, மாலுமிகளுக்குக் கொடுத்ததுபோக மீதியைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். மெக்சிகோ வெள்ளி, சீனச் செலவு, ஜெர்மன் பெட்டி, பிரிட்டிஷ் கிரீடம், ஆஸ்திரேலிய பில். மண்ணெண்ணெய் நம்முடையது. நமக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை.

"அடுத்தது தாள்" என்றார் நண்பர், கையைத் துடைத்துக்கொண்டு. 1917 நவம்பர் 30-ல் வந்த முதல் ஒரு ரூபாய் நோட்டு. யுத்தத்தில் வெள்ளி விலை ஏறிவிட்டது, ரூபாய் நாணயத்தை உருக்கினாலே லாபம் என்ற நிலைமை. சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? காகிதத்தில் வெள்ளி ரூபாயின் படத்தை அச்சடித்துக் கொடுத்தது! பசிக்கு சாப்பாடு கேட்டவனுக்கு மெனு கார்டு. அதுவும் 25 தாள் சேர்த்துத் தைத்த புத்தகமாக, பஸ் டிக்கெட் மாதிரி கிழித்துக் கொடுக்கும்படி. தமிழ் உள்பட எட்டு மொழியில் மதிப்பு எழுதியும் ஜனங்கள் நம்பத் தயங்கினார்கள். கடைசியில் 1918-ல் அமெரிக்கா தன் டாலர்களை உருக்கி சுமார் 20 கோடி அவுன்ஸ் வெள்ளி அனுப்பித்தான் மானம் தப்பியது. அதே வருஷம் வந்தது இரண்டு ரூபாய் எட்டணா நோட்டு. இரண்டரை ரூபாய்க்கு ஒரு நோட்டு! 1926-ல் அதை ஊற்றி மூடினார்கள். இன்று ஏலத்தில் லட்சங்களில் போகிறது. அன்றைக்குச் சில்லறை கேட்டு வாங்க மறுத்த கடைக்காரரின் பேரன், ஏலத்தில் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்.

கடைசிப் பக்கம் ஜப்பான் நோட்டு. மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் போட்ட பத்து டாலரில் வாழைமரம், குலையோடு. 'வாழைமர நோட்டு' என்பார்கள். கேட்டவுடன் கொடுப்பதாக ஜப்பானிய அரசு அதில் வாக்குக் கொடுத்திருந்தது. யாரும் கேட்கவில்லை, கேட்க ஒரு வாய்ப்பும் வரவில்லை. வாழையடி வாழையாக அச்சடித்தார்கள், கடைசியில் வரிசை எண்கூடப் போடவில்லை. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்து செல்லாது என்றார்கள். தோட்டத்தில் ரப்பர் பால் எடுத்த கூலியைத் தகரப்பெட்டியில் சேர்த்துவைத்த தமிழர்களுக்கு அது ராத்திரியோடு ராத்திரியாக வந்த பணமதிப்பிழப்பு. டிவியில் அறிவிப்புகூட இல்லை.

அந்த நோட்டை எண்ணிய கைகளுக்குக் கீழே இடுப்பில் கட்டியிருந்தது என்ன தெரியுமா? மலாய்க்காரர்கள் இன்றும் கைலியை 'கயின் பெலெகாட்' என்கிறார்கள். பெலெகாட் என்றால் பழவேற்காடு! கோட்டை போச்சு, கம்பெனி போச்சு, ஜப்பானும் போச்சு, லுங்கி மட்டும் அவிழவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது எதிரே ஏரியில் சுத்துவலை போட்டிருந்தார்கள். இந்தக் குப்பங்களில் 'பாடு' என்று ஒரு ஏற்பாடு உண்டு. இறால் நிறையக் கிடைக்கும் இடத்தில் யார் எந்த நாள் வலை போடலாம் என்று முறை வைத்துக்கொள்வார்கள். இன்று உன் பாடு, நாளை என் பாடு. சண்டையே வராது என்று சொல்லமாட்டேன், பஞ்சாயத்தெல்லாம் பலமாகவே நடக்கும். ஆனாலும் இதற்காக யாரும் அகழி வெட்டிக் கோட்டை கட்டவில்லை. வெம்மர் வான் பெர்ஷம் யாராவது குப்பத்துப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

திரும்பும் வழியில் கரையோரம் ஒரு அம்மா நண்டு விற்றுக்கொண்டிருந்தார். நண்பர் பேரம் பேசி ஒரு கிலோ வாங்கினார். நோட்டுகளை எண்ணிக் கொடுத்தார். அம்மா ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பூதக்கண்ணாடி இல்லாமலே நண்பரைவிட நன்றாகப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இன்னா சார், இந்தப் பத்து ரூவா நடுவுல கிழிஞ்சிகீது. வேற குடு சார்."

"செல்லும்மா."

"உனுக்குச் செல்லும். எனுக்கு செல்லாது."

நண்பர் வேறு பத்து ரூபாய் கொடுத்தார். கிழிந்ததைச் சட்டைப்பையில் திணிக்கப் போனவர், ஒரு நிமிஷம் நின்று, நம்பரைப் பார்த்தார். பிறகு ஆல்பத்தைத் திறந்து, வாழைமரத்துக்குப் பின்னால் காலியாக இருந்த பிளாஸ்டிக் உறையில் அதைச் சொருகி மூடினார்.