அகலமா போடு, நைனா!

நைனா, நீ காருக்கு டயர் மாத்தப் போற சேதி எனக்கு முன்னாடியே பால்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. பெங்களூர்ல உன் சிநேகிதன் ஒருத்தன், “17 இஞ்சி போடுடா, வண்டி பார்வையே வேற”ன்னானாம். சித்தூர்ல டயர் கடைக்காரன், “ரிம் அப்படியே இருக்கட்டும் சார், 215 ஏத்திடலாம்”னானாம். ரெண்டு பேரும் நல்லவங்கதான். ஒருத்தன் உன் துட்டுல அழகு பார்க்கறான். இன்னொருத்தன் அந்தத் துட்டையே பார்க்கறான்.

நடுவுல நான் யாரு? பங்காருபாளையம் மண்டியிலேருந்து மாங்கா லோடு ஏத்திக்கினு போன கிழவன். 10.00-20 நைலான் டயரு, உள்ளே டியூபு, அதுக்கும் அடியில ஃபிளாப்புன்னு காலத்தை ஓட்டினவன். ஸ்போர்ட்டி காரைப் பத்தி என்கிட்ட யாரு கேக்கப் போறாங்க? கேக்காததாலதான் நானா சொல்றேன். கேட்டிருந்தா கிராக்கி பண்ணியிருப்பேன்.

என் யோசனை என்னன்னா, அகலமாவே போடு. தாராளமா போடு. நம்ம பக்கத்துல எத்தனை குடும்பம் உன்னை மாதிரிப் புள்ளைங்களை நம்பிப் பொழைக்குது! மொகிலி மலைப்பாதையில கிரேன் வச்சிருக்கறவன் வீட்ல அடுப்பு எரியணும். நெளிஞ்ச அலாயைத் தட்டி நிமித்தறவன் புள்ளைக்கு ஸ்கூல் பீஸ் கட்டணும். புத்தூர் கட்டுக்காரங்க முட்டை வெள்ளையும் பச்சிலையும் மூங்கில் பத்தையும் தயாரா வச்சிக்கினு உக்காந்திருக்காங்க. அவங்களை ஏமாத்தலாமா?

அதுக்கு முன்னாடி ஒரு வேலை செய். டிரைவர் பக்கத்துக் கதவைத் தொறந்து தூண்ல ஒட்டியிருக்கற சீட்டைப் பாரு. கார் வாங்கின நாளா அந்தக் கதவை ஆயிரம் தபா தொறந்திருப்பே, அதை ஒரு தபாவும் படிச்சிருக்க மாட்டே. உன்னோடது ஐ20 என் லைன். 195/55 ஆர்16னு போட்டிருக்கும். டயர் மேலயும் அதேதான், பின்னால 87வி. 195ங்கறது அகலம், மில்லிமீட்டர்ல. 55ங்கறதை எல்லாரும் உயரம்னு நெனைக்கறாங்க, அது உயரமில்ல, விகிதம். அகலத்துல நூத்துக்கு 55 பங்குதான் டயரோட பக்கச் சுவர். கணக்குப் போட்டா 107 மில்லிமீட்டர் சொச்சம். ஆர்னா ரேடியல். 16 ரிம்மோட குறுக்களவு, இஞ்சியில. பார்த்தியா, ஒரே டயர்ல மில்லிமீட்டர், சதவீதம், இஞ்சி மூணும் இருக்கு. இதை எழுதினவன் நம்ம கிராம கணக்குப்பிள்ளைக்கு ஒண்ணுவிட்ட சகலையா இருப்பான்.

87ங்கறது பாரம். ஒரு டயர் 545 கிலோ தாங்கும். வி-ங்கறது வேகம், மணிக்கு 240 கிலோமீட்டர் வரைக்கும். 240ல நீ எங்கே போகப் போறே, பாகாலாவுலேருந்து பூதலப்பட்டுக்கா? ஆனா அந்த எழுத்தை அலட்சியம் பண்ணாதே. வேகம் தாங்கற டயர்னா சூடு தாங்கற டயர்னு அர்த்தம். மே மாசம் ரேணிகுண்டா ரோட்ல மத்தியானம் செருப்பில்லாம நின்னு பாரு, அந்த எழுத்து எதுக்குன்னு உள்ளங்கால் சொல்லும். அதனால பாரத்துலயும் வேகத்துலயும் கம்பெனி குடுத்ததுக்குக் கீழே மட்டும் எறங்காதே. கடைக்காரன் குறைஞ்ச எழுத்தைக் காட்டி 800 ரூபா கம்மின்னு சொல்லுவான். சிரிச்சிக்கினே எந்திரிச்சு வந்துடு.

இப்ப உன் சிநேகிதனோட 17 இஞ்சிக்கு வருவோம். 215/45 ஆர்17ங்கறான். பையன் விவரமானவன், கணக்குல தப்பு சொல்ல மாட்டேன். உன் பழைய சக்கரம் மொத்தம் 621 மில்லிமீட்டர் உயரம், அவன் சொல்றது 625. ஸ்பீடாமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது. ரிம் பெருசாச்சே, மொத்த உயரம் எப்படி அப்படியே இருக்குங்கறியா? பக்கச் சுவர்லேருந்து திருடி ரிம்முக்குக் குடுத்துட்டான். 107 இருந்த சுவர் 97க்குக் கீழே வந்துடுச்சு. ஒரு சென்டிமீட்டர்தானேம்பே. ரோட்டுப் பள்ளத்துக்கும் உன் அலாய்க்கும் நடுவுல இருந்த பஞ்சாயத்துத் தலைவரே அந்தச் சென்டிமீட்டர்தான். பலமநேர் தாண்டி ராத்திரியில ஒரு பள்ளத்துல எறங்கினேன்னா டயர் பக்கவாட்டுல முட்டை மாதிரி வீங்கும். உள்ளே நூல் அறுந்துட்டா பஞ்சர் கடைக்காரன் ஒட்ட முடியாது, எடுத்துப் போட வேண்டியதுதான். அலாயும் நெளியும். நெளிவு எடுக்கறவன் உனக்கு டீ வாங்கித் தருவான், மரியாதையான ஆளு. அதுவுமில்லாம உன்னோட ரிம் 6 இஞ்சி அகலம், அந்த 215/45க்கு 7 வேணும். ஆக நாலு டயரோட போகாது, நாலு அலாயும் சேர்த்து வாங்கணும். சிநேகிதன் டயர் யோசனையா சொன்னான்? வீட்டுக் கடன் யோசனையில்ல சொல்லியிருக்கான்.

கடைக்காரன் யோசனை இன்னும் சுளுவு. ரிம்மை மாத்தவே வேண்டாம், 215/55 ஆர்16. பெரியண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிவிட்டு, “தொளதொளன்னு இருந்தாத்தான் காத்து வரும்”னு சொல்ற கதை. 6 இஞ்சி ரிம்ல அது உட்காரும், ஆனா விளிம்புலதான் உட்காரும். வளைவுல திருப்பினா ரிம் ஒரு பக்கம் போகும், டயர் ஒரு நொடி யோசிச்சுட்டுப் பின்னாடி வரும். சக்கரம் 621லேருந்து 643க்கு ஏறிடும், 22 மில்லிமீட்டர். மூணு சதவீதத்துக்கு மேல சக்கர உயரம் மாறக்கூடாதுன்னு இந்தத் தொழில்ல ஒரு கணக்கு உண்டு, இது மூணரை. முள்ளு 100 காட்டறப்ப முன்னைவிட மூணரை கிலோமீட்டர் கூட ஓடிக்கினு இருப்பே. டர்போ டர்போன்னு பீத்திக்கினியே, அந்த இழுப்பும் மந்தமாயிடும். பெரிய சக்கரத்தைச் சுத்தறது இன்ஜினுக்குக் கூடுதல் வேலை. பின்சீட்ல உங்க அத்தைங்க மூணு பேரும் ஏறி, டிக்கியில லட்டு மூட்டையும் வச்சு, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சேன்னா, டயர் உள்ளே உரசற சத்தம் கேட்கலாம். அத்தைங்க உன்னைத்தான் முறைப்பாங்க, கடைக்காரனை இல்ல.

“அகலமா இருந்தா ரோட்டைக் கெட்டியாப் புடிக்குமே தாத்தா”ங்கறியா? கேட்பேன்னு தெரியும். சரி, ஒரு சக்கரத்து மேல 300 கிலோ உக்காந்திருக்குன்னு வை. காத்து 33 பவுண்டு. சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ அழுத்தம். 300ஐ வகுத்துப் பாரு, தரையைத் தொடற இடம் 130 சதுர சென்டிமீட்டர், முன்னப்பின்ன இருக்கலாம். டயர் 195 ஆனாலும் 215 ஆனாலும் பாரமும் காத்தும் மாறாதவரைக்கும் அந்த 130 பெருசா மாறாது. நீளமா இருந்தது அகலமா மாறும், அவ்வளவுதான். காஞ்ச ரோட்ல வளைவுல அதனால கொஞ்சம் லாபம் உண்டு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா தண்ணி நிக்கற ரோட்ல அகல டயர்தான் முதல்ல மிதக்கும். நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகையில மழை எப்படி அடிக்கும்னு உனக்குச் சொல்லணுமா? 2021 நவம்பர்ல திருப்பதித் தெருவெல்லாம் ஆறா ஓடுச்சு. டிசம்பர் பிறந்ததும் மலைப்பாதையில பாறை உருண்டு ரோட்டையே பேத்துடுச்சு. அந்த மழையில உன்னைக் காப்பாத்தறது டயர்ல இருக்கற பட்டன் ஆழம். அகலம் எப்படி இருந்தாலும் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துட்டா சட்டப்படியே அந்த டயருக்கு ஆயுசு முடிஞ்சது. காடியில சின்னதா மேடு வச்சிருப்பான், அது பட்டனோட சமமாயிட்டா மாத்திடு.

இன்னொரு சந்தேகம் எனக்கு. இவ்வளவு ஸ்போர்ட்டா எங்கே ஓட்டப் போறே? திருமலைக்கா? 1944ல போட்ட முதல் பாதை இப்ப எறங்கறதுக்கு, 1974ல போட்ட ரெண்டாவது பாதை ஏறறதுக்கு. அலிபிரியில டைம் போட்டு அனுப்புவாங்க. ஏற 28 நிமிஷம், எறங்க 40 நிமிஷம், அதுக்கு முன்னாடி போய்ச் சேர்ந்தா அபராதம். ஏற்றம் 18 கிலோமீட்டர்னு வச்சு வகுத்தா மணிக்கு 40ஐத் தொடறதில்ல. எறக்கத்துல 30கூட இல்ல. 120 குதிரை வேகக் காரும் அரசாங்க பஸ்ஸும் அங்கே ஒண்ணு. பெருமாள் சன்னதியில மட்டுந்தான் சமத்துவம்னு நெனச்சேன், டோல்கேட்லயே ஆரம்பிச்சுட்டாங்க. எறங்கறப்ப ரெண்டாவது கியர்ல வா. பிரேக்கை மிதிச்சிக்கினே வந்தா கீழே கருடன் சிலைகிட்ட வாசனை வரும், அது கற்பூர வாசனை இல்ல.

சரி, கிழவன் எல்லாத்துக்கும் வேண்டாம்னே சொல்றான்னு மூஞ்சியைத் தூக்காதே. ஆசைக்கு ஒரு வழி இருக்கு. அதே ரிம்ல 205/55 ஆர்16 போட்டுக்கலாம். 632 மில்லிமீட்டர், ரெண்டு சதவீதத்துக்குள்ளேதான் ஏறுது. வண்டி அஞ்சு மில்லிமீட்டர் தூக்கும், நம்ம வேகத்தடைங்களுக்கு அது புண்ணியம். வாரண்டி இருக்கறப்ப கம்பெனி சர்வீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பண்ணு. என்னைக் கேட்டா அகலத்துக்குக் குடுக்கற துட்டை ரப்பருக்குக் குடுப்பேன். அதே 195/55லயே மலிவு டயரும் இருக்கு, நனைஞ்ச ரோட்டைப் புடிக்கற நல்ல டயரும் இருக்கு. பார்க்கறவனுக்கு ரெண்டும் கறுப்பு வட்டம்தான். மழையில பிரேக் அடிக்கறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும். உன் சிநேகிதன் பார்க்கற கட்சி.

வாங்கறப்ப தேதி பாரு. பக்கச் சுவர்ல நாலு இலக்கம் இருக்கும். 2324ன்னா 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம். டயர் கடையோரம் வெயில்ல ரெண்டு மூணு வருஷமா அடுக்கி வச்ச சரக்கை ‘ஆஃபர்’னு குடுப்பான். டயர் என்ன சீமையிலேருந்தா வருது? வரதய்யபாளையம் பக்கம் சின்னப்பாண்டூர்ல 2018ல அப்போலோவுக்கு அடிக்கல் நாட்டி, 2020லேருந்து டயர் எடுக்கறாங்க. அப்ப அது சித்தூர் ஜில்லா, 2022 ஏப்ரல்லேருந்து திருப்பதி ஜில்லா. ஜில்லாவே மாறிடுச்சு, இவன் அடுக்குல இருக்கற டயர் மட்டும் மாறாம இருக்கு. உனக்குச் சந்தேகமா இருந்தா கடைக்காரனைக் காணிப்பாக்கம் கூட்டிக்கினு போ. அந்தப் புள்ளையார் முன்னாடி பொய்ச் சத்தியம் பண்ண நம்ம பக்கத்து அரசியல்வாதியே ரெண்டு தபா யோசிப்பான். அப்படியே வண்டிக்கும் பூஜை போட்டுடலாம். எலுமிச்சம்பழம் 195லயும் நசுங்கும்.

நாலையும் ஒண்ணா மாத்தினா நல்லது. துட்டு இல்லேன்னா ரெண்டு ரெண்டா, அப்பவும் அளவு நாலும் ஒண்ணா இருக்கணும். முன்னால ஒரு உயரம் பின்னால ஒரு உயரம்னா வண்டியில இருக்கற ஏபிஎஸ் கம்ப்யூட்டர் எந்தச் சக்கரத்தை நம்பறதுன்னு தெரியாம முழிக்கும். புது ரெண்டைப் பின்னால போடு. இதைச் சொன்னா எல்லாரும் சண்டைக்கு வருவாங்க, இழுக்கறது முன்சக்கரம்தானேம்பாங்க. முன்னால வழுக்கினா ஸ்டியரிங்ல தெரியும், காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்னால வழுக்கினா வண்டி தானா திரும்பி, வந்த ரோட்டைப் பார்த்து நிக்கும். அலைன்மென்ட் பார்த்து, பேலன்சிங்குக்கு ஈயம் வச்சு, கதவுச் சீட்டுல சொன்ன காத்து அடிச்சுட்டு வா. பங்க்ல பையன் “35 போட்டுடவா சார்”னு கேட்பான், அவன் எல்லா வண்டிக்கும் அதையே கேட்பான்.

ஆங், மறந்தே போனேன். கழட்டின டயர் நாலையும் கடையிலேயே விட்டுட்டு வந்துடாதே. எக்ஸ்சேஞ்ச்னு சொல்லி டயருக்கு இருநூறோ முந்நூறோ கழிப்பான், மயங்காதே. எனக்கு வேணும். மாட்டு வண்டிக்கு இல்ல, அதுக்கு 19 இஞ்சி, உன்னோடது சேராது. அளவு பார்க்காம கேட்பேனா? களத்துமேட்டுல உக்கார ரெண்டு, தண்ணித் தொட்டிக்கு முட்டுக் குடுக்க ரெண்டு. டிக்கியில ரெண்டு, பின்சீட்ல ரெண்டு கொள்ளும். அத்தைங்க பஸ்ல வரட்டும்.